நீலப் பானையின் வாரிசுகள்: தை இன மக்களிடம் அவுரிச் சாயக் கலை கைமாறும் முறை

சகோன் நகோன் வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரு மாகாணம். 2018-இல் உலகக் கைவினை மன்றம் அதை இயற்கை நீலச் சாயத்துக்கான உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன் அங்குள்ள பல கிராமங்களில் சாயப் பானைகள் வெறுமையாகக் கிடந்தன. பானையை எழுப்பி உயிரோடு காக்கத் தெரிந்தவர்கள் வயது முதிர்ந்த பெண்கள் சிலரே. அழிவின் விளிம்பிலிருந்த ஒரு கலை ஒரு தலைமுறைக்குள் மாகாணத்தின் அடையாளமாகிவிட்டது.

இது கொண்டாட வேண்டிய மீட்சிதான். ஆனால் கைவினையின் வரலாற்றை அக்கறையோடு பார்ப்பவர்கள் ஒரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது: மீண்டு வந்தது நீலத் துணியா, நீலத்தைப் பிறப்பிக்கும் அறிவா? துணி பெருகும்போதே அறிவு சுருங்குவதும் உண்டு. தை இனத்தாரிடையே இக்கலை எவ்வாறு தலைமுறை தாண்டியது, எங்கே அறுந்தது, இன்று எந்த வழிகளில் மீண்டும் கைமாறுகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. செய்முறையை எழுதி வைத்துவிடலாம். பானையோடு பழகுவதற்கு வேண்டிய காலத்தை எழுதி வைக்க முடியாது. அந்தக் காலத்தை இளையவர்களுக்கு யார் தருகிறார்கள் என்பதில்தான் இக்கலையின் எதிர்காலம் இருக்கிறது.

மக்களும் செடிகளும்

தை மொழிகளைப் பேசுவோர் பல நாடுகளில் பரவி வாழ்கிறார்கள். தெற்குச் சீனத்தில் சுவாங் மக்கள், யுன்னானின் சிப்சோங்பன்னாவில் தை லூ மக்கள், வியட்நாமின் வடமேற்கில் கறுப்புத் தை எனப்படும் தை தாம் மக்கள், வடகிழக்கில் நுங் மக்கள், லாவோஸிலும் தாய்லாந்திலும் லாவோ, பூ தை, தை புவன் மக்கள், மியன்மாரில் ஷான் மக்கள் என்று இந்தக் குடும்பம் நீளும். 1228-இல் சுகாபாவின் தலைமையில் அஸ்ஸாமுக்கு வந்த அஹோம்களும் இதே வேரினர்தான். இவர்களில் பல பிரிவினருக்கு அடர்நீலம் ஏறிய பருத்தியே அன்றாட உடையாகவும் விழா உடையாகவும் இருந்துவந்தது. வியட்நாமின் காவ் பாங் மாகாணத்தில் நுங் ஆன் மக்கள் அணியும் நீல உடையும், தை தாம் பெண்கள் தலையில் கட்டும் பியேவ் துணியின் கருநீலத் தளமும் இதற்குச் சான்றுகள்.

நீலம் தரும் செடிகளில் இரண்டு முக்கியமானவை. சமவெளியில் விளைவது நாம் அவுரி என்றும் நீலி என்றும் அழைக்கும் அதே செடி. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் சாயத்துக்காகப் பயிராகும் அவுரியும் சகோன் நகோன் வயலோரத்து அவுரியும் ஒரே இனம். விதை போட்டால் மூன்று, நான்கு மாதத்தில் அறுவடைக்கு வரும், வெயிலைத் தாங்கும். மற்றொன்று மலையடிவாரங்களில், ஓடைக்கரை ஈரத்தில், மர நிழலில் வளர்வது. வட தாய்லாந்தில் இதற்கு ஹோம் என்று பெயர், ஆங்கிலத்தில் அஸ்ஸாம் நீலி என்பார்கள். இதைப் பெரும்பாலும் தண்டை ஒடித்து நட்டே பெருக்குகிறார்கள்.

கலை கைமாறுவதில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அவுரி விதையை மடியில் முடிந்துகொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். ஹோம் செடிக்கோ நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், பச்சைத் தண்டைக் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஓடைக்கரை காடு அழிந்தால் அதை நம்பிய சாயமும் போகும். மலைக் கிராமங்களில் சாயத்தைக் காப்பது என்பது காட்டையும் காப்பதுதான்.

பானைக்குள் நடப்பது

அவுரி இலையில் நீலம் கிடையாது. இண்டிகான் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. விடியலில் அறுத்த கிளைகளைக் கட்டுக்கட்டாக நீரில் அமிழ்த்திக் கல் ஏற்றி, ஏறக்குறைய ஒரு நாள் ஊறவிடுகிறார்கள். இண்டிகான் சிதைந்து நீர் பச்சையும் மஞ்சளுமாகத் தெளியும். பிறகு இலைகளை அள்ளி எறிந்து, சுண்ணாம்பு கலந்து, மூங்கில் கூடையால் நீரை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். காற்றுப் பட்டு நுரை பொங்கும், நுரை நீலமாகும், பின் மெல்ல அமரும். மறுநாள் அடியில் படிந்த நீலச் சேற்றை மேல்நீர் இறுத்து, துணியில் வடிகட்டி எடுத்து வைப்பார்கள்.

அந்தச் சேறு நீரில் கரையாது, நூலில் ஏறாது. அதை ஏற்ற வைப்பதற்குத்தான் சாயப் பானை. சாம்பலில் வடித்த கார நீரில் நீலச் சேற்றைக் கரைத்து, சுண்ணாம்பும் புளியும் சேர்த்து, ஊருக்கு ஊர் வாழைப்பழமோ வெல்லமோ அரிசிச் சாராயமோ கலந்து புளிக்க விடுகிறார்கள். பானையில் பெருகும் நுண்ணுயிர்கள் நீலத்தைக் கரையும் மஞ்சள் பொருளாக மாற்றுகின்றன. நல்ல நிலையிலிருக்கும் பானையில் காரம் அதிகம், பிஎச் பத்துக்கு மேல் இருக்கும். வீட்டில் தயிருக்கு உறைமோர் எடுத்து வைப்பதுபோல், பழைய பானை நீரிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுப் பானைக்கு ஊற்றும் வழக்கமும் உண்டு.

காலையிலும் மாலையிலும் பானைக்காரி மூடியைத் திறக்கிறாள். மேலே செம்பின் மினுக்கோடு கருநீல நுரை படர்ந்திருக்க வேண்டும். நுரையை ஒதுக்கினால் அடியில் நீர் மஞ்சளும் பச்சையுமாகத் தெரிய வேண்டும். குடுவையில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றுகிறாள். விழும் நீரின் நிறம், எழும் குமிழி நிற்கும் நேரம், மூக்கில் ஏறும் வாடை, விரலில் படும் வழுவழுப்பு, நுனிநாக்கில் உறைக்கும் காரம் என ஐந்தையும் சேர்த்து அன்றைய முடிவை எடுக்கிறாள்: நூல் முக்கலாமா, புளி வேண்டுமா, சுண்ணாம்பு வேண்டுமா, இன்று ஓய்வா. முக்கலாம் என்றால், நனைத்துப் பிழிந்த நூல் சிட்டத்தைக் குமிழி எழாமல் இறக்கி, நீருக்குள்ளேயே கசக்கிச் சாயம் ஊட்டுகிறாள். வெளியே எடுத்து உதறியதும் மஞ்சள்பச்சை நூல் கண்ணெதிரே நீலமாகிறது. அடர்நீலம் வேண்டுமானால் இதையே பல நாள், பல முறை செய்ய வேண்டும்.

சேர்மானங்களின் பட்டியலை ஒரு மணி நேரத்தில் எழுதிக்கொள்ளலாம். எந்த நாளில் எதை எவ்வளவு என்ற தீர்ப்பு பட்டியலில் வராது. மழைக்கால ஈரம், குளிர்கால மந்தம், சாம்பலுக்கு எரித்த மரம், சுண்ணாம்பின் வயது எல்லாம் பானையை மாற்றும். கெட்டுப்போன பானையைப் பலமுறை பார்த்தவருக்குத்தான் கெடப்போகும் பானை முன்கூட்டியே தெரியும். அதனால் இக்கலையின் இயல்பான பள்ளி என்பது, தவறினாலும் பட்டினி கிடக்க வேண்டாத ஒரு வீடு.

வீட்டின் வழியாக வந்த கல்வி

அந்தப் பள்ளி எப்படி இயங்கியது? லாவோ கிராமங்களிலும், இசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தின் சமவெளிக் கிராமங்களிலும் திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். பெற்றோரின் வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்குப் போகும். கால்மரங்கள் மேல் நின்ற வீட்டின் அடியில் தறியும், அருகே நிழலில் சாயப் பானையும் இருக்கும். அம்மாவும் மகளும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் பானையும் இடம் மாறவில்லை. சிறுமி முதலில் பருத்திக் கொட்டை நீக்கவும், பிறகு நூல் நூற்கவும், அடுத்து நீலச் சேறு அடிக்கும்போது கூடை பிடிக்கவும் பழகுவாள். பானையின் பொறுப்பு கைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

தை தாம் மக்களிடம் நிலை வேறு. அவர்கள் தந்தைவழிக் குலத்தவர். மணமகன் சில காலம் பெண் வீட்டில் உழைத்த பிறகு மனைவியைத் தன் வீட்டுக்கு அழைத்துச் செல்வான். மணப்பெண் மெத்தை, போர்வை, தலைத்துணி என்று கணவன் வீட்டாருக்குத் தன் கையால் செய்த துணிகளைக் கொண்டுபோக வேண்டும். அதனால் கற்றல் திருமணத்துக்கு முன்பே முடிந்தாக வேண்டியிருந்தது. கற்றவள் அறிவைச் சுமந்துகொண்டு வேறு வீட்டுக்குப் போனாள். ஒரு முறையில் அறிவு ஒரே வீட்டில் ஆழப்பட்டது, மற்றொரு முறையில் வீடு தாண்டிப் பரவியது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஒரு பெண்ணின் தகுதியும் மணவாழ்வும் அவள் நெய்து சாயமிட்ட துணியோடு பிணைந்திருந்தன. கற்பதற்குக் காரணத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு பள்ளி இருந்தது. அறுவடை முடிந்த குளிர்கால இரவுகளில் இசான் கிராமத்துக் குமரிகள் முற்றத்தில் தீ மூட்டி, மேடையமைத்து நூல் நூற்றார்கள். இளைஞர்கள் கேன் இசைக்கருவியோடு வந்து பாட்டால் பேச்சுக் கொடுத்தார்கள். லோங் க்வாங் எனப்படும் இந்தக் கூடலுக்கு இணையாக வியட்நாமின் தை மக்களிடம் ஹன் க்வோங் உண்டு. வேலையும் விளையாட்டும் காதலும் ஒரே தீயைச் சுற்றி நடந்ததால் நூற்பது சுமையாகத் தோன்றவில்லை.

பானையைச் சுற்றி விலக்குகளும் இருந்தன. சகோன் நகோன் பகுதியில் பானைக்கு உயிர் உண்டு என்பது நம்பிக்கை. சாயம் ஏறாமல் போனால் பானை ஓடிவிட்டது என்பார்கள். பௌத்த நோன்பு நாட்களில் சாயமிடுவதில்லை. மாதவிலக்கில் இருப்பவரும் கருவுற்றவரும் பானையை நெருங்கக் கூடாது. கண்டவர்கள் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. இவற்றில் சிலவற்றுக்குப் பயன் தெளிவு: மூடிய பானையில் காற்று குறைவாகப் புகும், ஒருவர் கையிலேயே இருந்தால் அளவு பிசகாது, ஓய்வு கிடைத்தால் நுண்ணுயிர் மீளும். மாதவிலக்கு விலக்குக்கு அத்தகைய அடிப்படை எதுவும் இல்லை. அதைக் கைவிடுவதால் கலைக்கு நட்டமில்லை, கற்பவர்களுக்கு நன்மையே. எனினும் விலக்குகளை ஒட்டுமொத்தமாக மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால், பானையை உயிராக மதித்துத் தினமும் கவனிக்கச் சொன்ன பாடமும் சேர்ந்து போய்விடும்.

பாதை அறுந்த இடம்

தை மக்களின் வரலாற்றில் இடப்பெயர்ச்சி புதிதல்ல. சியாமியப் படைகள் 1779-இல் தொடங்கித் தை தாம் மக்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பெட்சபூரியில் குடியேற்றின. 1827-இல் லாவோ மன்னர் அனுவோங்கின் வியன்டியான் வீழ்ந்த பிறகு, பூ தை, புவன் மக்கள் கூட்டங்கூட்டமாக மேகோங்கின் வலக்கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இத்தனை கொடுமைக்குப் பின்னும் நீலக் கலை பிழைத்தது. பெட்சபூரியில் குடியேறிய தை தாம் வழியினர் கருநீலத்தில் வெளிர்நீலக் கோடுகள் ஓடும் தர்ப்பூசணிப் பாவாடையை இன்றும் தம் அடையாளமாக அணிகிறார்கள். காரணம் எளிது. அவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயர்க்கப்பட்டார்கள். பாட்டியும் பேத்தியும் பிரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு செய்த பிரிவு வேறு வகை. அதன் வித்து முன்பே விழுந்திருந்தது. வேதியியலாளர் அடோல்ஃப் ஃபான் பேயர் 1880-இல் நீலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செயற்கை நீலத்தின் மூலக்கூறும் இலையிலிருந்து வரும் நீலத்தின் முதன்மை மூலக்கூறும் ஒன்றே. சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் சேர்த்தால் பானையைப் பல நாள் புளிக்கவைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், கெடுமோ என்ற பயம் வேண்டாம். பொட்டலத்தைப் பிரித்தால் அன்றே சாயம். நிறம் தங்கியது, நிறத்தைக் காத்துவந்த அறிவு தேவையற்றதாயிற்று.

வட தாய்லாந்தின் ஃப்ரே நகருக்கு அருகிலுள்ள துங் ஹோங் இதற்கு நல்ல சான்று. அங்கு வாழும் தை புவன் மக்கள் தைக்கும் மோ ஹோம் என்ற நீலச் சட்டை வடபகுதி உழவர்களின் உடையாகி, பிறகு நாடே அறிந்த உடையானது. தேவை பெருகப் பெருகச் செயற்கைச் சாயம் அங்கே வேரூன்றியது. சட்டைக்குப் பெயர் தந்த ஹோம் செடியே பெரும்பாலான சட்டைகளிலிருந்து விலகிவிட்டது.

லாவோஸில் போர் வந்தது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளைக் கொட்டின. சியெங் குவாங், ஹுவாபன் போன்ற நெசவுக்குப் பேர்போன மாகாணங்களில் மக்கள் குகைகளிலும் காடுகளிலும் பதுங்கினார்கள். வெடிக்காத குண்டுகள் இன்றும் நிலத்தில் கிடக்கின்றன. தாய்லாந்தில் போருக்குப் பதிலாகப் பேருந்து வந்தது. இசானின் இளம்பெண்கள் பாங்காக்கின் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போனார்கள். ஆலைத் துணி மலிவாயிற்று. பள்ளி ஆண்டுகள் நீண்டன. இவற்றில் பள்ளியும் கூலியும் பெண்களுக்கு வாழ்வு தந்தவை, அவற்றைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால் அவற்றோடு வந்த விளைவு தெளிவானது: பானையைக் கவனிக்கத் தெரிந்தவரும் கற்க வேண்டிய வயதினரும் ஒரே வீட்டில் இல்லாமல் போனார்கள்.

மீட்பின் பல வழிகள்

மீட்பு ஒரே கையால் நடக்கவில்லை. தாய்லாந்தில் அரசி சிரிகிட் 1976-இல் நிறுவிய சப்போர்ட் அறக்கட்டளை கிராம நெசவுக்கு மதிப்பையும் சந்தையையும் ஏற்படுத்தியது. சியாங் மாயின் சோம் தோங்கில் இயற்கைச் சாயப் பருத்தி நெய்த சேங்தா பன்சித், 1986-இல் தேசியக் கலைஞராக மதிக்கப்பட்டார். கிராமத்துப் பெண்ணின் சாயக் கை கலைஞரின் கையாக அங்கீகாரம் பெற்றது சிறிய செய்தி அல்ல. சியாங் மாயிலேயே பட்ரீசியா சீஸ்மன் 1988-இல் தொடங்கிய ஸ்டூடியோ நேன்னா, ஆய்வையும் இயற்கைச் சாய உற்பத்தியையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது.

1990-களில் சகோன் நகோன் பெண்கள் சிலர் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பானையை மீண்டும் எழுப்பினார்கள். 2001-இல் அரசு தொடங்கிய ‘ஓர் ஊர், ஒரு பொருள்’ திட்டம் அவர்களுக்குக் கடைவீதியைத் திறந்தது. சகோன் நகோன் ராஜபட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பானையின் காரம், நுண்ணுயிர், நீலச் சேற்றின் தரம் ஆகியவற்றை அளந்து, பட்டறிவை அளவுகளோடு இணைத்துப் பயிற்சி தந்தார்கள். மாகாணத்தின் இயற்கை நீலத் துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பன்னா நிகோம் வட்டத்தின் தோன் கோய் போன்ற ஊர்களில் இன்று பெண்கள் குழுவாகக் கூடி வேலை செய்கிறார்கள்.

லாவோஸில் வழி வேறு. 2000-இல் லுவாங் பிரபாங்கில் வியோமனி துவாங்தாலாவும் ஜோவன்னா ஸ்மித்தும் ஓக் பொப் டோக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வியோமனியின் தாய் நெசவாளர், ஜோவன்னா நெசவு கற்றது அவரிடம். இன்று அந்நிறுவனம் மேகோங் கரையில் சாயமும் நெசவும் கற்பிப்பதோடு, தொலைதூரக் கிராமங்களின் கைவினைஞர்களோடும் சேர்ந்து உழைக்கிறது. அதே நகரின் மரபுக் கலை, இனவியல் மையம் துணிகளைச் செய்தவர்களின் பின்னணியோடு காட்சிப்படுத்தி, கிராமத்தாரின் படைப்புகளை விற்றுத் தருகிறது. நாம் பாக் வட்டத்து நாயாங் போன்ற தை லூ ஊர்களில் பருத்தியும் நீலமும் வீட்டு வேலையாகவே தொடர்கின்றன. லாவோ சமூகங்களின் நாக வடிவ நெசவை 2023-இல் யுனெஸ்கோ மானுடத்தின் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வடிவத்துக்குக் கிடைத்த அந்த வெளிச்சம் சாயத்தின் மேலும் விழ வேண்டும்.

மீண்டதும் மீளாததும்

இந்த முயற்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று மாற்றங்கள் தெரிகின்றன.

முதலாவது, தாய்க்குப் பதில் குழு ஆசிரியராகியிருக்கிறது. இது பெரிய லாபம். குடும்பத்தில் கற்றவர் யாரும் இல்லாத பெண்ணாலும், ஒரு காலத்தில் பானையை அண்டாத ஆண்களாலும் இன்று கற்க முடிகிறது. நகரத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்களுக்குப் பிஎச் தாளும் வெப்பமானியும் தொடக்கத் தடுமாற்றத்தைக் குறைக்கின்றன. கருவியை நம்பியபின் நாக்கும் மூக்கும் மழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு முழு நியாயம் இல்லை. கருவி காட்டும் எண்ணைப் பாட்டியின் சுவையோடு ஒப்பிட்டுக் கற்பவர் இரண்டையும் பெறுகிறார்.

இரண்டாவது, வேலை துண்டாகிவிட்டது. ஒருவர் அவுரி பயிரிட்டு நீலச் சேறு எடுக்கிறார், அதை வாங்கி இன்னொருவர் சாயமிடுகிறார், மற்றொருவர் நெய்கிறார், வேறொருவர் நகரத்தில் விற்கிறார். விரைவுக்கும் வருவாய்க்கும் இது தேவைதான். ஆனால் இலையைக் கண்டறியாத சாயக்காரருக்குச் சேற்றின் குறை எதனால் வந்தது என்று தெரியாது. விற்பனை விலையில் மிகச் சிறிய பங்கு சேறு எடுப்பவருக்குப் போனால், வெயிலில் குனிந்து நுரை அடிக்க அடுத்த தலைமுறை முன்வராது.

மூன்றாவது, சந்தை தனக்கு வேண்டியதைக் கற்பிக்கிறது. வெளிர்நீலம் விரைவில் விற்கிறது. பல முறை முக்கி எடுக்கும் கருநீலத்துக்குக் கூலி கட்டுவதில்லை. ஹைட்ரோசல்ஃபைட் கலந்த பானைத் துணியும், நீலக் கோலங்களை அச்சிட்ட ஆலைத் துணியும் இயற்கைச் சாயம் என்ற பெயரில் விலைபோகின்றன. மெய்யான பானையைக் காப்பவர் அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியவை

இந்நிலையில் ஆவணப்படம் எடுப்பதும் விழா நடத்துவதும் நல்லவையே, போதுமானவை அல்ல. கற்கும் காலத்துக்குக் கூலி தர வேண்டும். ஒரு மழைக்காலத்தில் விதைப்பதிலிருந்து அடுத்த கோடையில் பானை சோர்ந்து மீள்வது வரை ஓர் ஆண்டு முழுதும், தேர்ந்த ஒருவரின் அருகில் இருக்கும் இளையவருக்கு உதவித்தொகை கிடைத்தால், வீடு முன்பு இலவசமாகத் தந்த பாதுகாப்பைச் சமூகம் தரும். தாய்லாந்தின் 1999-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உள்ளூர் அறிவைப் பாடத்தில் சேர்க்க இடம் தருகிறது. அதை ஒருநாள் கைக்குட்டைப் பயிற்சியோடு முடிக்காமல், பள்ளி வளாகத்திலேயே மாணவர்கள் பொறுப்பில் ஒரு பானையை ஆண்டு முழுதும் வைத்திருக்கலாம். பானை கெடுவதும் அவர்கள் கையிலேயே நடக்க வேண்டும்.

துணியின் சீட்டில் செடி எது, பானை எந்த வகை, சேறு எடுத்த ஊர் எது என்று எழுதினால் வாங்குபவர் நேர்மைக்கு விலை தர முடியும். மலையூர்களில் ஹோம் வளரும் ஓடைக்கரைகளைப் பொதுத் தோட்டமாகக் காக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகோல் மாற வேண்டும். ஒரு கிராமத்தின் நீலக் கலை வாழ்கிறதா என்பதை விற்ற துணியின் மீட்டரைக் கொண்டு இதுவரை சொல்லிவருகிறார்கள். கேட்க வேண்டியது இது: நாற்பது வயதுக்குட்பட்டோரில் எத்தனை பேர் விதையிலிருந்து தொடங்கிச் சேறு எடுத்து, துணையின்றிப் பானையை எழுப்பி, கெட்டால் மீட்டு, இன்னொருவருக்குக் கற்றுத்தர வல்லவர்கள்? அந்த எண்ணிக்கை கூடும் ஊரில் துணி குறைவாக விற்றாலும் கலை பிழைக்கும். விருதுகளும் குறியீடுகளும் நிதியும் இந்த எண்ணிக்கையைப் பார்த்து வழங்கப்பட வேண்டும்.